22% பங்கு, காற்றாலைப் பங்கு, ஸ்டார்ட்அப் முதலீடு, கோடவுன் அட்வான்ஸ்: இண்ட் ஏ.எஸ். மாறும்போது எதை எந்த மதிப்பில் காட்டுவது?

பட்டரவாக்கம் அக்கவுண்ட்ஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் பக்கம் ஆட்டோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லிஸ்டட் கம்பெனி இல்லை, நெட்வொர்த்தும் 250 கோடியைத் தொடவில்லை, அதனால் இத்தனை வருஷமும் பழைய ஏ.எஸ். (அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு) முறைதான். இடையில் ஒரு லிஸ்டட் கம்பெனி எங்களிடம் 26% வாங்கியது. அவர்களுக்கு நாங்கள் அசோசியேட் (அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க செல்வாக்கு உள்ள கம்பெனி) ஆகிவிட்டதால் மார்ச் 2026 கணக்கை இண்ட் ஏ.எஸ். (சர்வதேச முறையை ஒட்டிய புது இந்தியக் கணக்கு ஸ்டாண்டர்டு) படி போட வேண்டும், ஒப்பீட்டுக்கு 2024-25 கணக்கையும் மாற்றி எழுத வேண்டும், மாறும் தேதி 1 ஏப்ரல் 2024 என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார்.

ஸ்டாக், தேய்மானம் எல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். பேலன்ஸ் ஷீட்டில் நீண்டகால முதலீடுகள் என்று ஒரே வரியில், வாங்கின விலையிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் சமாச்சாரங்கள்தான் பிரச்சினை.

பெரியது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்களுக்குக் காஸ்டிங் சப்ளை செய்யும் ஃபவுண்டரியில் இருக்கும் 22%. 1 ஏப்ரல் 2024 அன்று 6.60 கோடிக்கு வாங்கினோம். எங்கள் எம்.டி. அவர்கள் போர்டில் இருக்கிறார். ஆனால் அவர் சொல்வது, "நாம் அங்கே எதிலும் தலையிடுவதில்லை, மீதி 78% ஒரே குடும்பத்திடம் இருக்கிறது, அவர்கள் வைத்ததுதான் சட்டம், இது வெறும் முதலீடு, வாங்கின விலையிலேயே இருக்கட்டும்." அடுத்தது காற்றாலைக் கரண்டுக்காக ஒரு குரூப் கேப்டிவ் கம்பெனியில் (கரண்டை எடுப்பவர்களே சேர்ந்து பங்கு வைத்திருக்கும் மின் உற்பத்திக் கம்பெனி) 4% பங்கு, 30 லட்சம். அப்புறம் தரமணியில் இருக்கும் ஒரு பேட்டரி ஸ்டார்ட்அப்பில் 2022-இல் போட்ட 1.50 கோடி, இது கட்டாயம் ஈக்விட்டியாக மாற்ற வேண்டிய பிரிஃபரன்ஸ் ஷேர்.

இது போக கோடவுன் அட்வான்ஸ் 40 லட்சம் (ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகை), மின்வாரிய டெபாசிட், ஜப்பானிலிருந்து வரவேண்டிய மெஷினுக்குக் கொடுத்த முன்பணம், பேங்க் கேரண்டிக்காக லீன் போட்ட (பேங்க் பிடித்து வைத்திருக்கும்) எஃப்.டி. எல்லாவற்றையும் ஃபேர் வேல்யூவுக்கு (இன்றைய நியாய மதிப்புக்கு) கொண்டுவர வேண்டுமா? ஃபவுண்டரி விஷயத்தில் எம்.டி. சொல்வது நிற்குமா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

சி.ஏ. ஃபைனல் மாணவி:

சார், ஃபவுண்டரியில் 20%-க்கு மேல் இருப்பதால் அது அசோசியேட், இண்ட் ஏ.எஸ். 28, ஈக்விட்டி மெத்தட் (அவர்கள் லாப நட்டத்தில் நம் பங்கை முதலீட்டுத் தொகையோடு கூட்டிக் கழிக்கும் முறை). மற்ற இரண்டும் 20%-க்குக் கீழே, ஆகவே இண்ட் ஏ.எஸ். 109, ஃபேர் வேல்யூ. ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்கைக் குலைக்கக்கூடாது என்றால் ஓ.சி.ஐ.யில் (லாப நட்டத்துக்கு வெளியே காட்டும் மற்ற வருமானத்தில்) கொண்டுபோகும் ஆப்ஷனை எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் படித்த வரைக்கும் இதுதான். நடைமுறையில் வேறு சிக்கல் இருந்தால் மூத்தவர்கள் சொன்னால் எனக்கும் உதவும், பரீட்சை நெருங்குகிறது.

---

மயிலை ஆடிட்டர்:

மாணவி சொன்ன திசை சரி, ஆனால் 20% என்ற எண்ணிலேயே நின்றுவிடக்கூடாது. பங்கின் அளவைவிட அந்தப் பங்கு உங்களுக்கு என்ன உரிமையைக் கொடுக்கிறது என்பதுதான் கணக்கை முடிவு செய்கிறது. எக்செல் ஷீட்டைத் திறப்பதற்கு முன்னால் மூன்று முதலீட்டுக்கும் உள்ள பங்குதாரர் ஒப்பந்தங்களை எடுத்து மேஜைமேல் வைத்து, போர்டு உரிமை, வீட்டோ, திரும்ப வாங்கும் ஷரத்து இந்த மூன்றையும் பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள். எங்கள் ஆபீசில் ஆர்ட்டிக்கிள்ஷிப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் இதைப் படிக்காமல் போட்ட கணக்கைப் பின்னால் மொத்தமாகக் கலைத்துத்தான் போட வேண்டியிருக்கும்.

ஃபவுண்டரிக்கு வருவோம். இண்ட் ஏ.எஸ். 28 சொல்வது, 20% அல்லது அதற்கு மேல் ஓட்டு இருந்தால் குறிப்பிடத்தக்க செல்வாக்கு இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று தெளிவாக நிரூபித்தால் ஒழிய. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எம்.டி. "தலையிடுவதில்லை" என்கிறார். ஆனால் தலையிட்டீர்களா என்று ஸ்டாண்டர்டு கேட்கவே இல்லை. நிதி, நிர்வாகக் கொள்கை முடிவுகளில் பங்கேற்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் அது இல்லாமல் போய்விடாது. இன்னொருவர் 78% வைத்திருப்பதும் தானாக உங்கள் செல்வாக்கை அழித்துவிடாது, அதையும் ஸ்டாண்டர்டே சொல்கிறது. உங்கள் விஷயத்தில் போர்டில் ஆள் இருக்கிறார், போதாக்குறைக்கு அவர்களிடமிருந்துதான் காஸ்டிங் வாங்குகிறீர்கள். போர்டு பிரதிநிதித்துவம், கொள்கை முடிவில் பங்கு, இரண்டு பேருக்கும் நடுவே பெரிய அளவில் வியாபாரம், மேனேஜர்கள் இங்கும் அங்கும் மாறுவது, தொழில்நுட்பத் தகவல் கொடுப்பது என்று செல்வாக்குக்கான அடையாளங்கள் ஐந்தை அதில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு நேராகவே பொருந்துகிறது. போர்டில் இடம் கேட்டு மறுக்கப்பட்டு, கணக்கு விவரம்கூடக் கிடைக்காத நிலை என்றால் எம்.டி. வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்கலாம். இங்கே அந்த நிலை இல்லை.

இன்னொன்று, இது இண்ட் ஏ.எஸ். வந்ததால் முளைத்த விஷயமும் இல்லை. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 2(6)-படி மொத்த ஓட்டுரிமையில் 20% கையில் இருந்தாலே அசோசியேட். பிரிவு 129(3)-படி சப்சிடியரி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அசோசியேட் இருந்தால் ஒருங்கிணைந்த கணக்கு (அசோசியேட்டில் உள்ள பங்கையும் சேர்த்துக் காட்டும் கணக்கு) போட்டே ஆக வேண்டும், பழைய முறையில் ஏ.எஸ். 23 படி. 2024-25-க்கு அது தாக்கல் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

ஒருங்கிணைந்த கணக்கில் எப்படி வரும் என்று எண்ணோடு காட்டுகிறேன், விளங்குவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள், டெஃபர்டு டாக்ஸை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். வாங்கின அன்று ஃபவுண்டரியின் புத்தக நிகர சொத்து 20 கோடி, அதன் பிளாண்ட் மட்டும் புத்தக மதிப்பைவிட 2 கோடி கூடப் பெறும், இன்னும் 10 வருஷம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாய மதிப்பில் நிகர சொத்து 22 கோடி, உங்கள் 22% என்றால் 4.84 கோடி. கொடுத்தது 6.60 கோடி. மீதி 1.76 கோடி குட்வில். இதைத் தனியாகக் காட்டக்கூடாது, தேய்க்கவும் கூடாது, முதலீட்டுத் தொகைக்குள்ளேயே இருக்கும். ஏ.எஸ். 23-இல் புத்தக மதிப்பை வைத்துப் போடுவதால் இதே குட்வில் 2.20 கோடி என்று வரும், முதலீட்டுக்குள் சேர்ந்திருந்தாலும் தனியாக எடுத்துச் சொல்லவும் வேண்டும். மாற்றும்போது பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

வருஷத்தில் ஃபவுண்டரி 3 கோடி லாபம் பார்த்தால் உங்கள் பங்கு 66 லட்சம். கூடுதல் பிளாண்ட் மதிப்புக்கு வருஷத் தேய்மானம் 20 லட்சம், அதில் 22% என 4.40 லட்சம் கழியும். மார்ச் 31 அன்று உங்கள் ஸ்டோரில் கிடக்கும் காஸ்டிங்குக்குள் ஃபவுண்டரி வைத்த லாபம் 15 லட்சம் இருந்தால் அதில் 22%, 3.30 லட்சம், அதுவும் கழியும், நீங்கள் அந்தச் சரக்கை வெளியே விற்கும்வரை. ஆக லாப நட்டக் கணக்கில் அசோசியேட் லாபப் பங்கு 58.30 லட்சம். ஃபவுண்டரியின் கிராஜுவிட்டி ஆக்சுவேரியல் நஷ்டம் (பணிக்கொடைப் பொறுப்பின் மதிப்பீடு மாறியதால் வருவது) 10 லட்சம் என்றால் 2.20 லட்சம் ஓ.சி.ஐ.யில். 1 கோடி டிவிடெண்ட் கொடுத்தால் உங்களுக்கு வந்த 22 லட்சம் வருமானத்தில் சேராது, முதலீட்டிலிருந்து குறையும். கடைசியில் முதலீடு 6.60 கோடியிலிருந்து 6.941 கோடி.

தனிக் கணக்கில் கதை வேறு. இண்ட் ஏ.எஸ். 27 படி வாங்கின விலையில் வைக்கலாம், அல்லது 109 படி ஃபேர் வேல்யூவில். வெளிநாட்டு ஐ.எஃப்.ஆர்.எஸ்.ஸில் தனிக் கணக்கிலும் ஈக்விட்டி மெத்தட் எடுக்க இடம் உண்டு, நம் இந்திய ஸ்டாண்டர்டில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். ஆகவே எம்.டி. கேட்கிற "வாங்கின விலை" தனிக் கணக்கில் அப்படியே நிற்கும், 22 லட்சம் டிவிடெண்டும் அங்கே வருமானமாக வரும். ஒருங்கிணைந்த கணக்கில்தான் முடியாது. இதை அவருக்கு எடுத்துச் சொன்னாலே பாதி பிரச்சினை தீரும்.

நடைமுறைச் சிரமம் தகவல் வாங்குவதில். ஃபவுண்டரி சட்டப்படி எந்த முறையில் கணக்கு போட்டாலும் உங்களுக்கு வரும் எண்கள் உங்கள் கொள்கைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பேரின் கணக்கு முடியும் தேதிக்கும் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. ஸ்டாக்கில் லாபம் எவ்வளவு என்று சப்ளையரிடம் கேட்டால் சும்மா சொல்லமாட்டார்கள், நாளைக்கு விலை பேசும்போது அதை வைத்தே நீங்கள் அழுத்துவீர்கள் என்ற பயம் இருக்கும். ஆடிட்டர் வழியாக வாங்கிக்கொள்வது நல்லது.

---

பட்டரவாக்கம் அக்கவுண்ட்ஸ்:

சார், ரொம்ப நன்றி. 2024-25-க்கு ஒருங்கிணைந்த கணக்கு போட்டுத் தாக்கல் ஆகிவிட்டது. நீங்கள் சொன்னபடி ஒப்பந்தங்களை எடுத்துப் படித்தேன். ஃபவுண்டரியில் 15%-க்கு மேல் பங்கு இருக்கும்வரை ஒரு டைரக்டரை நியமிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று தெளிவாக இருக்கிறது, எம்.டி.யும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

குரூப் கேப்டிவ் ஒப்பந்தத்தில் 15 வருஷக் கரண்டு ஒப்பந்தம் முடியும்போது பங்குகளை முகமதிப்பிலேயே, அதாவது அதே 30 லட்சத்துக்கு, புரமோட்டருக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும், டிவிடெண்டில் எங்களுக்கு உரிமை இல்லை என்று இருக்கிறது. ஸ்டார்ட்அப்பில் டைரக்டர் இல்லை, போர்டு மீட்டிங்கில் உட்கார்ந்து கேட்கும் அப்சர்வர் மட்டும். அடுத்த முதலீட்டு ரவுண்டு என்ன விலையில் நடக்கிறதோ அதில் 20% தள்ளுபடியில் எங்கள் ஷேர் மாறும். இந்த இரண்டுக்கும் என்ன செய்வது?

---

ஓரகடம் ஃபைனான்ஸ்:

குரூப் கேப்டிவ் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் கம்பெனியிலும் இது உண்டு, தமிழ்நாட்டில் மில்கள், ஆட்டோ பாகக் கம்பெனிகள் என்று பாதிப் பேர் பேலன்ஸ் ஷீட்டில் இது இருக்கிறது, ஆனால் இதைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பவர்கள் குறைவு.

முதலில் இந்தப் பங்கை ஏன் வாங்கினீர்கள் என்று பாருங்கள். மின்சார விதிகள் 2005-இன் விதி 3 படி கேப்டிவ் என்று சொல்ல வேண்டுமானால் கரண்டை எடுப்பவர்கள் சேர்ந்து குறைந்தது 26% பங்கு வைத்திருக்க வேண்டும், வருஷ உற்பத்தியில் குறைந்தது 51%-ஐ அவர்களே எடுக்க வேண்டும். கேப்டிவ் என்றால் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (மின்வாரியத்தை விட்டு வேறிடத்தில் கரண்டு வாங்கினால் கட்ட வேண்டிய கூடுதல் கட்டணம்) கிடையாது. அந்தச் சர்சார்ஜை மிச்சம் பிடிக்கத்தான் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்குகிறோம், கம்பெனி வளர்ந்தால் லாபம் வரும் என்று யாரும் வாங்குவதில்லை.

டிவிடெண்ட் இல்லை, மதிப்பு ஏறினாலும் உங்களுக்கு இல்லை, 15 வருஷம் கழித்து அதே 30 லட்சம். இதை ஈக்விட்டி என்று வைத்து ஓ.சி.ஐ. ஆப்ஷன் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொருளாதார ரீதியாக இது வட்டியில்லாமல் கொடுத்த நீண்டகால டெபாசிட். 9% வட்டியில் இன்றைய மதிப்பு போட்டால் 30 லட்சத்துக்கு 8.24 லட்சம்தான் வருகிறது. நாங்கள் அந்த 8.24 லட்சத்தை நிதிச் சொத்தாக வைத்துக்கொண்டு மீதி 21.76 லட்சத்தைக் கரண்டுக்காக முன்கூட்டியே கொடுத்த செலவாக எடுத்துக்கொள்கிறோம். அது 15 வருஷத்துக்குப் பிரிந்து வருஷம் 1.45 லட்சம் மின்சாரச் செலவில் போய்ச் சேரும். 8.24 லட்சத்துக்கு முதல் வருஷம் 74 ஆயிரம் வட்டி வருமானம். யூனிட்டுக்கு நாம் உண்மையில் என்ன கொடுக்கிறோம் என்பது இப்படிப் போட்டால்தான் தெரிகிறது, பர்ச்சேஸ் ஆட்கள் கரண்டு விலையை ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

இதில் எல்லா ஆடிட்டரும் ஒரே கருத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலர் அமார்டைஸ்டு காஸ்ட் (வருஷா வருஷம் வட்டியைச் சேர்த்துக்கொண்டே போகும் மதிப்பு) என்பார்கள், சிலர் லாப நட்டக் கணக்கு வழியாக ஃபேர் வேல்யூ என்பார்கள். நடுவில் வெளியேறினால் என்ன விலை, ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும் என்ற ஷரத்துகளைப் பொறுத்து மாறும். மார்ச் வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். 4% பங்கோடு போர்டு உரிமையோ கொள்கை முடிவில் கையோ இல்லாவிட்டால் அசோசியேட் பேச்சே எழாது.

கோடவுன் அட்வான்ஸுக்கும் இதே வழிதான். வாடகை ஒப்பந்தம் 5 வருஷம் என்று வைத்துக்கொண்டால் 40 லட்சத்தின் இன்றைய மதிப்பு 9%-இல் 26 லட்சம். மீதி 14 லட்சம் இண்ட் ஏ.எஸ். 116 படி வரும் குத்தகை உரிமைச் சொத்தில் சேர்ந்து 5 வருஷத்தில் தேயும். மூன்று மாத அட்வான்ஸ் வாங்கும் ஊரில் இது சில்லறைத் தொகை, நம் சென்னையில் பத்து மாதம் என்பதால் கண்ணில் படும் அளவுக்கு வருகிறது. மின்வாரிய டெபாசிட்டுக்கு அவர்களே வட்டி கொடுக்கிறார்கள், இணைப்பை ஒப்படைத்தால் திரும்ப வாங்கலாம், நாங்கள் அதைத் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்பெல்லாம் போடுவதில்லை. 2021 மார்ச்சில் கம்பெனிச் சட்டத்தின் ஷெட்யூல் 3-ஐ (பேலன்ஸ் ஷீட் அமைப்பைச் சொல்வது) திருத்தியதிலிருந்து இந்த டெபாசிட்டுகள் கடன்கள் என்ற தலைப்பில் வராது, மற்ற நிதிச் சொத்துகள் என்ற தலைப்புக்கு மாற்றுங்கள். லீன் போட்ட எஃப்.டி. 12 மாதத்துக்கு மேல் முடக்கமாக இருந்தால் அதுவும் அங்கேதான், கேஷ் அண்ட் பேங்க்கில் விட்டுவிடாதீர்கள்.

ஜப்பான் மெஷின் முன்பணம் அடுத்த மாதமே மெஷின் வந்து இறங்கினாலும் நான்-கரண்ட்தான், ஏனென்றால் அது ஃபிக்ஸட் அசெட்டாக மாறப்போகிறது. அதை நடப்பிலுள்ள மூலதனப் பணியில் சேர்க்கவும் கூடாது. யென் மதிப்பு மாறியது என்று மார்ச் 31-இல் திருத்தி எழுதவும் வேண்டாம். பணமாகத் திரும்பி வராத முன்பணம், கொடுத்த அன்றைய ரேட்டிலேயே நிற்கும், மெஷினின் அந்தப் பகுதியும் அதே ரேட்டில்தான் கணக்கில் ஏறும்.

---

மயிலை ஆடிட்டர்:

ஓரகடம் நண்பர் அருமையாகச் சொல்லிவிட்டார், குரூப் கேப்டிவ் விஷயத்தில் என் கருத்தும் அதுவே.

ஸ்டார்ட்அப் பக்கம் வருகிறேன். அப்சர்வருக்கு ஓட்டு இல்லை, கேட்கலாம், பேசலாம், அவ்வளவுதான். ஆனாலும் பட்ஜெட்டுக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும், சீனியர் ஆட்களை நியமிக்க ஒப்புதல் வேண்டும் என்று ஷரத்து ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அன்றாடக் கொள்கை முடிவில் கை வைக்கும் உரிமை இருந்தால் 6%, 8% பங்கிலும் செல்வாக்கு வந்துவிடும். உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதற்கான உரிமைகள் மட்டும் இருந்தால் (புதுப் பங்கு வெளியீடு, கம்பெனியை மூடுவது போன்றவற்றுக்கு வீட்டோ) செல்வாக்கு என்று சொல்லமாட்டார்கள்.

செல்வாக்கு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் மாணவி சொன்ன ஓ.சி.ஐ. ஆப்ஷன் இங்கே கிடைக்காது. பரீட்சைக்கும் உதவும், கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்த ஆப்ஷன் வெளியிடுகிற கம்பெனியின் பார்வையில் ஈக்விட்டியாக இருக்கும் கருவிக்கு மட்டும்தான். இந்த பிரிஃபரன்ஸ் ஷேர் அடுத்த ரவுண்டு விலையைப் பொறுத்து மாறுகிறது, எத்தனை ஷேராக மாறும் என்று இன்றைக்குத் தெரியாது. எண்ணிக்கை நிலையாக இல்லாவிட்டால் இண்ட் ஏ.எஸ். 32 படி அது ஈக்விட்டி ஆகாது, பெயரில் ஷேர் என்று இருந்தாலும். வட்டியும் அசலும் மட்டும் வரும் கருவியும் இது இல்லை. ஆகவே லாப நட்டக் கணக்கு வழியாக ஃபேர் வேல்யூ, வேறு வழியில்லை. ஒரு ஷேருக்கு ஒரு ஷேர் என்று நிலையாக இருந்திருந்தால் ஆப்ஷனைப் பற்றிப் பேசலாம். முதல்முறை மாறுகிறவர்கள் 1 ஏப்ரல் 2024 அன்று இருந்த நிலையை வைத்து அதை எடுக்க இண்ட் ஏ.எஸ். 101 இடம் கொடுக்கிறது. எடுத்தால் திரும்ப முடியாது என்பதையும், விற்கும்போது வரும் லாபம்கூட லாப நட்டக் கணக்குக்கு வராமல் ரிசர்வுக்குள்ளேயே மாறும் என்பதையும் எம்.டி.களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல விலைக்கு விற்ற வருஷத்தில் "லாபம் எங்கே" என்று கேட்பார்கள்.

மதிப்பு போடுவது பெரிய வேலை. மார்க்கெட் விலை கிடையாது, இண்ட் ஏ.எஸ். 113-இல் லெவல் 3 (சந்தையில் பார்க்க முடியாத அனுமானங்களை வைத்துப் போடும் மதிப்பு). அண்மையில் ரவுண்டு நடந்திருந்தால் அந்த விலையிலிருந்து தொடங்கலாம், ஆனால் அந்த ரவுண்டு ஷேருக்கு இருக்கும் உரிமையும் உங்களுடையதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருமான வரிக்காக 11யுஏ விதிப்படி எடுத்த சர்டிஃபிகேட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், அதன் நோக்கம் வேறு, அதை அப்படியே ஃபேர் வேல்யூ என்று எடுத்துக்கொள்ள முடியாது. புதுத் தகவல் எதுவும் இல்லாத சில இடங்களில் வாங்கின விலையே ஃபேர் வேல்யூவுக்கு நல்ல மதிப்பீடாக இருக்கலாம் என்று 109 சொல்கிறதே என்று கேட்பீர்கள். 2022-இல் போட்ட பணத்துக்கு, இதற்குள் கம்பெனி ஆர்டர் பிடித்திருக்கும் அல்லது பணம் கரைந்திருக்கும், அந்தச் சலுகையை இன்றைக்குப் பிடித்துத் தொங்குவது கஷ்டம்.

சிறிய விஷயம் ஒன்று. இந்த மூன்று முதலீட்டுக்கும் டீமேட் ஸ்டேட்மெண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். சிறு கம்பெனி அல்லாத பிரைவேட் கம்பெனிகளும் டீமேட்டுக்கு மாற வேண்டும் என்று விதி 9பி வந்தபின் பீரோவிலிருந்து காகித சர்டிஃபிகேட்டை எடுத்துக் காட்டினால் ஆடிட்டர் ஏற்பது கடினம்.

---

பட்டரவாக்கம் அக்கவுண்ட்ஸ்:

தெளிவாகிவிட்டது சார். கடைசியாக ஒன்று. ஃபவுண்டரி கணக்கை வருஷா வருஷம் வாங்கி ஒருங்கிணைப்பது தலைவலி என்பதால் 3% பங்கை அந்தக் குடும்பத்துக்கே விற்று 19%-க்கு இறங்கிவிடலாமா என்று எம்.டி. யோசிக்கிறார். இறங்கினால் ஈக்விட்டி மெத்தட் நின்றுவிடுமா?

---

மயிலை ஆடிட்டர்:

நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், 15%-க்கு மேல் இருக்கும்வரை டைரக்டர் நியமிக்கும் உரிமை உண்டு என்று. 19%-இல் அந்த உரிமை அப்படியே இருக்கும், காஸ்டிங்கும் அவர்களிடமிருந்துதான் வரும். செல்வாக்கு போகாது. 20%-க்குக் கீழே வந்தால் செல்வாக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால் அந்த அனுமானமும் உடைந்துவிடும். ஈக்விட்டி மெத்தட் 19%-க்குத் தொடரும். விற்ற 3%-க்கு மட்டும் லாப நட்டம் கணக்கிட்டு, அந்த அளவுக்கு ஓ.சி.ஐ.யில் இருப்பதில் லாப நட்டத்துக்கு மாறக்கூடியவற்றை மாற்ற வேண்டும், கிராஜுவிட்டி பகுதி மாறாது.

உண்மையிலேயே வெளியே வர வேண்டும் என்றால் டைரக்டர் உரிமையை எழுத்துமூலம் விட்டுக்கொடுக்க வேண்டும், எம்.டி. போர்டிலிருந்து விலக வேண்டும், அதற்கப்புறமும் காஸ்டிங் வியாபாரம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். அப்படிச் செல்வாக்கு போன அன்று மீதி 19%-ஐ ஃபேர் வேல்யூவுக்குக் கொண்டுவந்து, வரும் வித்தியாசம் முழுக்க அந்த வருஷ லாப நட்டக் கணக்கில் விழும். பழைய ஏ.எஸ். 23-இல் அன்றைய புத்தக மதிப்பே புது விலையாகிவிடும், இந்த அதிர்ச்சி இல்லை, இண்ட் ஏ.எஸ்.ஸில் உண்டு. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் லிஸ்ட் ஆகாத ஒரு ஃபவுண்டரிக்கு மதிப்பு போட வேண்டும். இப்போது அவர்களிடம் கணக்கு வாங்குகிறீர்கள், அப்போது கணக்கும் வாங்கி வேல்யூவருக்குப் பணமும் கொடுப்பீர்கள். வேலை குறையும் என்று நினைத்து விற்பதானால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பணம் தேவைப்பட்டோ விலை நன்றாக வந்தோ விற்பது என்றால் அது எம்.டி.யின் வியாபார முடிவு.

விற்றாலும் விற்காவிட்டாலும் ஏ.ஓ.சி-1 படிவத்தின் (சப்சிடியரி, அசோசியேட் விவரம் காட்டும் படிவம்) பி பகுதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். குறிப்பிடத்தக்க செல்வாக்கு எப்படி இருக்கிறது என்று அதில் ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். பலர் அங்கே "20%-க்கு மேல் பங்கு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் டைரக்டர் நியமன உரிமையையும் ஷரத்து எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள், நாளைக்கு பங்கு 19% ஆனாலும் அதே வரி நிற்கும்.